வெள்ளித் துகள்களை வரிசையாக அடுக்கினால் புது நிறம் பிறக்குமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறீர்கள், செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. உலோக நானோ துகள்களை வரிசை வரிசையாக அமைத்து அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினால் நீல ஒளி வருகிறது என்று ஒரு கருத்தரங்கில் கேட்டிருக்கிறீர்கள். "பட்டறையில் வெள்ளி இருக்கிறது, கையில் பச்சை லேசர் பாயிண்டர் இருக்கிறது, கல்லூரியில் வெள்ளிக் கூழ்மம் செய்யத் தெரியும். இதை ப்ராஜெக்டாகச் செய்யலாமா? துகள்கள் கூடினால் ஒளியும் கூடுமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: ஒளியைத் தடுக்கிற உலோகம் எப்படிப் புது ஒளியைத் தரும் என்பது. அதைத் தெளிவாக்கிவிட்டால் மற்ற இரண்டுக்கும் பதில் பாதி கிடைத்துவிடும். அவசரத்துக்கு ஒரு வரிப் பதில் வேண்டுமென்றால்: பாயிண்டரை வைத்து முடியாது, கூழ்மத்தை வைத்து நீங்கள் நினைக்கிறபடி முடியாது, ஆனால் இதில் ஒரு நல்ல ப்ராஜெக்ட் இருக்கிறது. நான் லேசர் ஆய்வகங்களில் அளவீட்டு வேலை பார்த்தவன். கோட்பாட்டுக் கணக்குகளைப் பிறர் போட்டுத்தர வாங்கிப் பயன்படுத்தியவன். அந்தக் கோணத்திலிருந்தே எழுதுகிறேன்.

சாதாரணமாக ஒரு பொருளில் சிவப்பு ஒளி விழுந்தால் சிவப்பு ஒளியே சிதறும். ஒளியின் மின்புலம் எலக்ட்ரான்களை எந்த அதிர்வெண்ணில் ஆட்டுகிறதோ அதே அதிர்வெண்ணில்தான் அவை திரும்ப ஒளியை உமிழும். புலம் மிகவும் வலுவாகும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. எலக்ட்ரானின் அசைவு புலத்துக்கு நேர்விகிதமாக இல்லாமல், புலத்தின் இருமடி, மும்மடியையும் சார்ந்ததாகிவிடும். இருமடி உறுப்பு இருமடங்கு அதிர்வெண் கொண்ட ஒளியைத் தரும். 800 நானோமீட்டர் உள்ளே போனால் 400 வெளியே வரும். இதுதான் இரண்டாம் சீரிசை; கீழே இருமடி ஒளி என்று சொல்வதும் இதையே. ஆய்வகப் பேச்சில் எஸ்எச்ஜி. மைமன் ரூபி லேசரை 1960இல் செய்துகாட்டினார். மறு ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் கூட்டாளிகளும் அதன் 694.3 நானோமீட்டர் ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் குவித்து 347 நானோமீட்டரைப் பதிவு செய்தார்கள். ஒளிப்படத் தகட்டில் அது ஒரு சின்னப் புள்ளியாகத்தான் விழுந்தது. அச்சில் அதை அழுக்கு என்று நினைத்து நீக்கிவிட்டார்கள். கட்டுரையில் அம்புக்குறி இன்றும் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பச்சைப் பாயிண்டரும் இதே குடும்பம்தான். அதற்குள் 808 நானோமீட்டர் டயோடு ஒரு நியோடிமியம் படிகத்தை ஊட்டுகிறது, அதிலிருந்து வரும் 1064 நானோமீட்டரைக் கேடிபி என்ற படிகம் 532ஆக, அதாவது பச்சையாக, மாற்றுகிறது. மலிவான பாயிண்டர்களில் அகச்சிவப்பை வடிக்கும் கண்ணாடி இருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒளி கூடவே வரும். ஆகவே அதை வைத்து எந்தச் சோதனை செய்தாலும் கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உலோகத்துக்கு வருவோம். குவார்ட்ஸிலும் கேடிபியிலும் அணு அமைப்பே ஒருபக்கம் சாய்ந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றல்ல. வெள்ளியும் தங்கமும் அப்படியில்லை. அவற்றின் அணிக்கோவையில் எந்த அணுவிலிருந்து பார்த்தாலும் முன்னும் பின்னும் ஒரே மாதிரி. அப்படிப்பட்ட இடத்தில் புலம் வலப்புறம் தள்ளும்போது பிறக்கும் இருமடி விளைவு, இடப்புறம் தள்ளும்போதும் அதே குறியோடுதான் பிறக்க வேண்டும். சமச்சீரோ குறி மாற வேண்டும் என்கிறது. இரண்டையும் நிறைவேற்றும் ஒரே விடை சுழியம். எனவே உலோகத்தின் உள்ளே, முதல் நிலைக் கணக்கில், இரண்டாம் சீரிசை கிடையாது. ஆனால் மேற்பரப்பில் ஒரு பக்கம் உலோகம், மறு பக்கம் காற்று. அங்கே சமச்சீர் உடைந்துவிடுகிறது. 1965இல் பிரவுன், பார்க்ஸ், ஸ்லீப்பர் என்ற மூவர் பளபளப்பான வெள்ளிப் பரப்பில் லேசரை எதிரொளிக்கவைத்து இரண்டாம் சீரிசையைப் பிடித்தார்கள். அதே ஆண்டில் உலோகப் பரப்பில் இது எப்படி நிகழும் என்ற கோட்பாட்டை எழுதியவர்களில் முக்கியமானவர் சுதான்ஷு ஜா. பிற்காலத்தில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்தவர். ஆக, வெள்ளி இருமடி ஒளியைத் தரும் என்பது அறுபது ஆண்டுப் பழைய செய்தி. நானோ துகள்கள் அதில் சேர்த்தது வேறு ஒன்று.

சேர்த்தது இதுதான். சில பத்து நானோமீட்டர் அளவுள்ள துகளில் கட்டற்ற எலக்ட்ரான் கூட்டம் மொத்தமாக முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்துக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. நீரில் இருக்கும் 20 நானோமீட்டர் தங்க உருண்டைக்கு அது 520 நானோமீட்டர் அருகே அமையும். அதனால்தான் தங்கக் கூழ்மம் மாணிக்கச் சிவப்பாகத் தெரிகிறது. வெள்ளிக்கு 400 அருகே; ஆகவே உங்கள் கூழ்மம் மஞ்சள். துகளைக் குச்சியாக நீட்டினால் ஒத்ததிர்வு அகச்சிவப்புப் பக்கம் நகரும். ஒத்ததிர்வில் துகளின் முனைகளில் புலம், வந்து விழும் ஒளியின் புலத்தைப் போலப் பல மடங்காகும். பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சீரிசையின் மூலம் புலத்தின் இருமடி, வெளிவரும் செறிவு அந்த மூலத்தின் இருமடி; ஆக நான்காம் அடுக்கு, பத்தாயிரம் மடங்கு. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பலருக்கும் தலை சுற்றுகிறது. ஆனால் அந்தப் பத்தாயிரம் எதன் மேல் பெருக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் நீளமுள்ள நல்ல படிகத்தில், தகுந்த துடிப்பு லேசர் இருந்தால், பாதிக்கு மேல் ஒளியை மாற்றிவிடலாம். 30, 40 நானோமீட்டர் உயரமுள்ள உலோகத் துகள் அணியில் மாறுவது நூறு கோடியில் ஒரு பங்கு, பெரும்பாலும் அதற்கும் கீழே. இந்த அணிகள் நாளைக்கே லேசர் படிகங்களின் இடத்தைப் பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அவற்றின் மதிப்பு, ஒளியை எங்கே, எந்தத் திசையில், எந்தத் தளவிளைவோடு (மின்புலம் ஆடும் திசையோடு) பிறக்கவைப்பது என்பதை ஒரு மெல்லிய பரப்பில் வரைந்துவைக்க முடிவதில் இருக்கிறது.

வரிசை எதற்கு என்ற உங்கள் கேள்வி அங்கேதான் வருகிறது. சந்தையில் நூறு கொலுசுகள் அவரவர் நடைக்குக் குலுங்குவதற்கும், நூறு பேர் சலங்கை கட்டி ஒரே தாளத்துக்குக் காலடி வைப்பதற்கும் காதிலேயே வித்தியாசம் தெரியும். கூழ்மத்தில் மிதக்கும் துகள்கள் முதல் வகை. ஒவ்வொன்றும் கண்டபடி திரும்பிக் கிடக்கும். அவற்றின் இருமடி ஒளிக்குள் கட்ட உறவு இல்லை, அதாவது அலைகளின் ஏற்ற இறக்கங்கள் ஒத்துப்போவதில்லை. நூறு துகளுக்கு நூறு மடங்கு செறிவு, அதுவும் எல்லாத் திசையிலும் சிதறி. சம இடைவெளியில் ஒரே முகமாக நிற்கும் துகள்களில் வீச்சுகள் கூடுகின்றன. ஆகவே குறிப்பிட்ட திசையில் செறிவு துகள் எண்ணிக்கையின் இருமடியாக உயரும். இதைக் கேட்டதும் ஆற்றல் எங்கிருந்தோ கொட்டுவதாக எண்ணிவிட வேண்டாம். கற்றை குறுகுவதால் அந்தத் திசையில் செறிகிறது. எல்லாத் திசையையும் கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஏறக்குறைய எண்ணிக்கைக்குத் தக்கதாகவே இருக்கும்.

இடைவெளி இன்னொரு வேலையும் செய்கிறது. ஒரு துகள் சிதறும் ஒளி பரப்போடு ஓடி அடுத்த துகளை அடையும்போது அதன் ஆட்டத்தோடு கட்டம் ஒத்துப்போனால், எல்லாத் துகளும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும். ஒளிவிலகல் எண் 1.5 உள்ள கண்ணாடியில் 500 நானோமீட்டர் இடைவெளி என்றால் இது 750 நானோமீட்டருக்கு அருகே நிகழும். தனித் துகளின் ஒத்ததிர்வு பல பத்து நானோமீட்டர் அகலம். இந்தக் கூட்டு ஒத்ததிர்வு சில நானோமீட்டர்தான். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஷட்ஸ் குழு இதை 2004இல் கணக்கிட்டுக் காட்டியது. 2008 வாக்கில் சோதனையில் தெளிவாகக் கண்டார்கள். 2021இல் தொலைத்தொடர்பு அலைநீளத்தில் ஒரு நானோமீட்டருக்கும் குறைந்த அகலம் வரை கொண்டுபோய்விட்டார்கள். துகளுக்கு மேலும் கீழும் ஒரே ஒளிவிலகல் எண் இல்லாவிட்டால் இந்த ஒத்ததிர்வு நைந்துபோகும். கண்ணாடி மேல் துகளை வைத்துவிட்டு மேற்புறத்தைக் காற்றில் விட்டு, "ஒன்றும் தெரியவில்லையே" என்று வருபவர்கள் அதிகம். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே ஏறக்குறைய கொண்ட இம்மர்ஷன் எண்ணெயை ஒரு துளி விட்டு மூடிக் கண்ணாடி வைத்தாலே நிலைமை மாறும்.

குறுகிய ஒத்ததிர்வு என்றாலே நல்லது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த அளவீடுகளுக்கு வழக்கமான டைட்டானியம் சஃபையர் லேசரின் 100 ஃபெம்டோவிநாடித் துடிப்பு (ஒரு ஃபெம்டோவிநாடி என்பது விநாடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு), 800 நானோமீட்டரில், ஏறக்குறைய 9 நானோமீட்டர் அகலம் கொண்டது. ஒத்ததிர்வு 1 நானோமீட்டர் என்றால் துடிப்பின் பெரும்பகுதி அதற்கு வெளியே வீணாகும். துடிப்பை நீட்டினால் உச்சத் திறன் இறங்கும். கட்டுரைகளில் இந்தப் பேரத்தைப் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துபோவார்கள்; ஆய்வக மேசையில் பாதி நாளைத் தின்பது இதுதான்.

துகள் கூடினால் ஒளி கூடுமா? எப்போதும் இல்லை. 2012இல் ஜெர்மன் குழு ஒன்று, ஒரு பக்கம் பிளந்த வளைய வடிவத் தங்கத் துகள்களின் இடைவெளியை மாற்றி மாற்றி அளந்தது. நெருக்கமாக அடுக்கிய அணியைவிட நடுத்தர இடைவெளி உள்ள அணியே அதிக இரண்டாம் சீரிசை தந்தது. மிக நெருங்கினால் கூட்டுக் கதிர்வீச்சு ஒத்ததிர்வை அகலமாக்கி முனைப் புலத்தைக் குறைத்துவிடுகிறது. மிக விலகினால் துகள் எண்ணிக்கை போதாது. இதைவிட எனக்குப் பிடித்தது பின்லாந்தின் தாம்பெரே நகரில் கௌரானன் குழு 2013இல் வெளியிட்டது. எல் வடிவத் துகள்களின் நடுவே வெறும் நேர்க்குச்சிகளைச் செருகினார்கள். நேர்க்குச்சி சமச்சீரானது, அந்த அமைப்பில் தானாக இருமடி ஒளி எதையும் தராது. ஆனாலும் மொத்த ஒளி உயர்ந்தது, ஏனெனில் குச்சிகள் அணியின் ஒத்ததிர்வைத் திருத்தி எல் துகள்களுக்குப் புலத்தை ஊட்டின. வேலை செய்யாதவர்களைச் சேர்த்து விளைச்சல் கூடுவது அரசு அலுவலகத்தில் நடக்காது, நானோ அணியில் நடக்கிறது.

எது உறுதி, எது இன்னும் வழக்கில் இருக்கிறது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். செறிவு இருமடியாக உயர்வது, சமச்சீர் விதிகள், ஒத்ததிர்வில் பெருகுவது ஆகியவை ஐயத்துக்கு அப்பாற்பட்டவை. ஒரு துகளில் இருமடி ஒளியின் எந்தப் பங்கு மேற்பரப்பிலிருந்து, எந்தப் பங்கு உள்ளே புலம் வேகமாக மாறுவதால் என்பது அவ்வளவு சுத்தமாகப் பிரிபடவில்லை. மென்படலங்களில் பரப்புப் பங்கே ஓங்கியது என்று அளந்திருக்கிறார்கள். துகளின் கூர்முனைகளுக்கு அதை அப்படியே நீட்டலாமா என்பதில் கோட்பாட்டாளர்கள் ஒத்துப்போவதில்லை. துகள்களின் இடுக்கில் இண்டியம் டின் ஆக்சைடு போன்ற வேறு பொருளை வைத்து மூன்றாம் சீரிசை (மும்மடங்கு அதிர்வெண் ஒளி) கூடியதாகக் காட்டிய சோதனைகளிலும், கூடுதல் ஒளி அந்தப் பொருளிலிருந்தா தங்கத்திலிருந்தா என்று 2014இலிருந்தே விவாதம் உண்டு. எச்சரிக்கையாக நினைவில் வைக்க வேண்டியது 2008இன் நிகழ்வு. முனையோடு முனை பார்க்கும் இரு முக்கோணத் தங்கத் துகள்களின் இடுக்கில் ஆர்கான் வாயுவைச் செலுத்தி, எளிய லேசராலேயே உயர் சீரிசைகளை, அதாவது கடும் புறஊதாவை, உண்டாக்கியதாக நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. 2012இல் ஜெர்மனியின் சிவிஸ், ரோப்பர்ஸ் குழுவினர் அதே வகைச் சோதனையைத் திரும்பச் செய்து, வந்தது சீரிசை அல்ல, கிளர்ந்த வாயு அணுக்களின் சாதாரண நிறமாலைக் கோடுகள் என்று காட்டினார்கள். புலம் பெருகியது உண்மை, அயனியாக்கம் நடந்ததும் உண்மை. ஆனால் அவ்வளவு சிறிய கன அளவிலிருந்து ஒத்த கட்டத்தில் கூடும் ஒளி மிகச் சொற்பம்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். பாயிண்டர் ஏன் ஆகாது என்பதைக் கணக்காகவே பாருங்கள். விநாடிக்கு 8 கோடித் துடிப்பு, ஒவ்வொன்றும் 100 ஃபெம்டோவிநாடி என்றால், லேசர் எரிந்திருக்கும் நேரம் மொத்தத்தில் 1,25,000இல் ஒரு பங்கு. சராசரித் திறன் 100 மில்லிவாட்தான் என்றாலும் உச்சத் திறன் 12.5 கிலோவாட். இரண்டாம் சீரிசை செறிவின் இருமடியைத் தொடர்வதால், அதே சராசரித் திறனுள்ள தொடர் லேசரைவிட இது 1,25,000 மடங்கு இருமடி ஒளி தரும். உங்கள் பாயிண்டரின் சில மில்லிவாட்டில் கணக்கு இன்னும் படுத்துவிடும். போதாக்குறைக்கு, 532இன் பாதி 266. கண்ணுக்கும் தெரியாது, சாதாரணக் கண்ணாடியும் விடாது. துடிப்பு லேசரோடு, மாற்றுத் திறன் ஆயிரம் கோடியில் ஒன்று என்று எடுத்தால்கூட 100 மில்லிவாட்டிலிருந்து விநாடிக்கு ஏறக்குறைய 2 கோடி நீல ஃபோட்டான்கள் கிடைக்கும். ஒளிப்பெருக்கிக் குழாய் அதைச் சிரமமில்லாமல் எண்ணிவிடும்.

கல்லூரியில் செய்யக்கூடியது துகள் அணியைத் தயாரித்து அதன் நேரியல் நிறமாலையை அளப்பது. எலக்ட்ரான் கற்றையால் நானோ வடிவங்களை வரையும் கருவி இல்லாமல் அணி செய்ய எளிய வழி பாலிஸ்டைரீன் மணிகள். 500 நானோமீட்டர் மணிகளைக் கண்ணாடியில் ஒற்றை அடுக்காகப் படியவைத்து, மேலே வெள்ளியை ஆவியாக்கிப் பூசி, மணிகளை அதிர்வூட்டி நீக்கினால் இடுக்குகளில் முக்கோணத் துகள்கள் மிஞ்சும். அமெரிக்க வேதியியலாளர் வான் டைனின் குழு 1990களில் பரப்பிய முறை. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. முக்கோணம் சமச்சீர் இல்லாதது, ஆகவே இருமடி ஒளிக்கு ஏற்றது என்று தோன்றும். ஆனால் இந்த அணியில் பக்கத்துப் பக்கத்து முக்கோணங்கள் எதிரெதிர் முகம் பார்க்கின்றன. நேர்க்குத்தாக ஒளி விழுந்தால் அவற்றின் பங்களிப்புகள் நேர்த் திசையில் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பதுதான் சமச்சீர் சொல்வது. மாதிரியைச் சாய்த்து வையுங்கள். எந்த அணியானாலும் ஒளியை அளக்கும் உணரியை நேர் எதிரே மட்டும் வைக்காதீர்கள். 500 நானோமீட்டர் வரிசை காற்றில் 800ஐ விளிம்பு விளைவால் பிரிக்காது, ஆனால் 400ஐ 53 டிகிரியில் பிரித்து அனுப்பும்.

பட்டறை வெள்ளி வேண்டாம். கொலுசு வெள்ளியில் செம்புக் கலப்பு உண்டு. வெற்றிடத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் ஆவியாகாது, படலத்தின் கலவை கைமீறிப் போகும். 99.99 சதவீத வெள்ளி வாங்குங்கள். ஒரு சதுர சென்டிமீட்டரில் 50 நானோமீட்டர் தடிமனுக்கு 50 மைக்ரோகிராம் சொச்சம்தான் படியும். கலனில் வீணாவதைச் சேர்த்தாலும் அப்பா பட்டறைத் தரையில் கூட்டி எடுப்பதைவிடக் குறைவு. கறுத்துப்போவது இன்னொரு தொல்லை. காற்றில் கிடந்த கொலுசில் படியும் அதே வெள்ளி சல்ஃபைடு இங்கேயும் படியும். 40 நானோமீட்டர் துகளில் இரண்டு மூன்று நானோமீட்டர் படிந்தாலே ஒத்ததிர்வு நகர்ந்துவிடும். பூசிய உடனே அளந்துவிடுங்கள், அல்லது சில நானோமீட்டர் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) போர்த்துங்கள். இதனால்தான் ஆய்வாளர்கள் தங்கத்தையே நாடுகிறார்கள். ஆனால் தங்கம் 2.4 எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் ஒளியை விழுங்கும். 400 நானோமீட்டரின் ஃபோட்டான் 3.1. பிறந்த நீலத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மூன்றாவதாக அலுமினியம் உண்டு. இங்கே சேர்வராயன் மலையில் வெட்டி மேட்டூருக்கு இறக்கிய பாக்சைட்டிலிருந்து வந்த அதே உலோகம். அதன் ஒத்ததிர்வைப் புறஊதா வரை கொண்டுபோகலாம். மேலே தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு அதற்குக் கவசம். 800 நானோமீட்டர் அருகே அதுவும் ஒளியை விழுங்குவதால் அந்த லேசரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும்.

அடுத்த கட்டத்துக்கு வெளியே போகத்தான் வேண்டும். சேலத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நானோ அறிவியல், பொறியியல் மையம் இருக்கிறது. வெளிக் கல்லூரி மாணவர்களை அனுமதிக்கும் இந்திய நானோ மின்னணுவியல் பயனர் திட்டத்தில் அதுவும் ஒன்று. எலக்ட்ரான் கற்றையால் எல் வடிவம் வரைய அது ஒரு வழி. ஃபெம்டோவிநாடி லேசர் உள்ள குழுவுக்கு எழுதும்போது வெறும் ஆர்வத்தை எழுதாதீர்கள். மாதிரியின் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம், இரு தளவிளைவிலும் எடுத்த நிறமாலை, அடித்தளத்தின் விவரம் ஆகிய மூன்றையும் இணையுங்கள். ஒத்ததிர்வு அவர்களுடைய லேசர் அலைநீளத்துக்கு அருகே விழுந்திருந்தால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

அங்கே அளக்கும்போது, நீலம் வந்தவுடன் சீரிசை என்று குறித்துக்கொள்ள வேண்டாம். உலோகம் இரண்டு ஃபோட்டானை விழுங்கி அகலமான ஒளிர்வையும் தரும், அதுவும் பெரும்பாலும் செறிவின் இருமடியாகவே உயரும். ஆகவே லேசர் திறனுக்கு எதிராக வெளிவரும் ஒளியைக் குறித்த மடக்கை வரைபடத்தில் சாய்வு 2 வந்தது மட்டும் போதாது. நிறமாலைமானியில் சரியாக 400இல் குறுகிய முகடு இருக்க வேண்டும், லேசரை 810க்கு நகர்த்தினால் அது 405க்கு நகர வேண்டும். ஒளிர்வு நகராது. துகளே இல்லாத வெறும் கண்ணாடியிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். லென்சிலும் வடிகட்டியிலும் பிறக்கும் இருமடி ஒளி பலரை ஏமாற்றியிருக்கிறது. திறனை ஏற்றிக்கொண்டே போய் அளந்தபின், அதே வழியில் இறக்கியும் அளந்துபாருங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கோடு ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் துகள்கள் உருகி உருண்டுவிட்டன என்று பொருள். வெள்ளி உருக 962 டிகிரி வேண்டுமே என்று இருந்துவிடாதீர்கள். நானோ முக்கோணத்தின் முனை அதற்கு வெகு முன்பே மழுங்கிவிடும். அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு, அணியில் லேசர் படாத வேறு இடத்தில், பாதித் திறனிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.